முதுகு காட்டி நிற்கிற வேலை

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிற ஸ்டேடியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குப் பர்மாவில், யாங்கோன் நகரத்தில் எங்கள் அலோன் பகுதியில் வேறு யாருக்கும் தெரியாது. கூரையைப் பெரிய வெள்ளைக் குழாய்கள் தாங்குகின்றன. நாற்காலியெல்லாம் நீலம். குளிரில் மைதானம் உறைந்து போகாமல் இருக்கப் புல்லுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. இங்கே மனிதனுக்கு ஃபேன் சுற்ற வழியில்லை, அங்கே புல்லுக்கு வெந்நீர்! ஒரு வாரம் அதில் கால்பந்து. அடுத்த வாரம் கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு உயரமான வேறு கம்பங்களை நட்டு, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிற ஆட்டம். அதற்கு ரக்பி என்று பெயர். இரண்டுக்கும் ஒரே புல்தான். இதையெல்லாம் போனில் சுற்றிச் சுற்றிக் காட்டியவன் என் பெரிய மகன்.

அவன் அங்கே படிக்கப் போனவன். ஆட்ட நாட்களில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேடியத்தில் காவலுக்கு நிற்கிறான்.

"ஆட்டம் பாக்கறதுக்குச் சம்பளமாடா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நாங்க ஆட்டத்தப் பாக்கவே கூடாது. கூட்டத்தப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கணும். கோல் விழுந்தாலும் திரும்பக்கூடாது."

பந்தாட்டத்துக்குப் போய், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு வேலை. வெள்ளைக்காரனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

இந்தப் பேச்செல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். எங்கள் தெருவைப் பொறுத்தவரை, பெரியவன் எங்கே இருக்கிறான் என்று பெற்ற எங்களுக்கே தெரியாது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்ததும் வீடு வீடாக வந்து வயதுப் பையன்களைக் குறித்துக்கொண்டு போனார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் விமானம் ஏறியிருந்தான். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான், இருக்கிற இடம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டோம். சொன்னது என் வீட்டுக்காரர், அழுதது நான். அழுகை எனக்கு நன்றாக வரும்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்றால், அடுத்த தெருவில் ஒரு வீட்டில் உள்ளதைத்தான் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிறவனை வரவழை, இல்லாவிட்டால் தம்பியை அனுப்பு என்று பதில் வந்தது. தம்பிதான் போனான். எனக்கும் ஒரு சின்னவன் இருக்கிறான், பத்தொன்பது வயது. அவனை வாசல் பக்கம் விடவே எனக்கு உயிர் போகும். அண்ணனைப் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிந்தால் முதலில் இவனைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பெரியவன் போனில் குதித்தான். ஏதோ கோப்பைக்காகச் சீட்டுக் குலுக்கியதில், அவர்கள் ஊர்ச் சின்ன டீமுக்கு ஒரு பெரிய டீம் வந்து மாட்டியிருக்கிறதாம். யாங்கோனில் பாதிப் பேர் உயிரை விடுகிற டீம் அது. அதனால் அந்த ஆட்டம் இங்கே டிவியில் வரும். சனிக்கிழமை, இங்கே விளக்கு வைக்கிற நேரம்.

"இடது பக்கத்துக் கோலுக்குப் பின்னாடி பாரும்மா. நான் அங்கதான் நிப்பேன்."

போனில் அவனைப் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா? பாதி முகம் தெரியும், மீதி கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். அவன் நிற்பதை, நடப்பதை, முழு ஆளாகப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எப்படியாவது பார்த்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று எங்கள் தெருவுக்குக் கரண்ட் இல்லாத முறை. முக்கு டீக்கடையில் ஜெனரேட்டர் உண்டு, பெரிய டிவியும் உண்டு. அந்தக் கடைக்குத் தினமும் சமூசா போட்டுக் கொடுப்பதே நான்தான். அதனால் நான் போய் நின்றால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

"குடுத்துட்டு உடனே வந்துடு. வாயத் தொறக்காத," என்றார் வீட்டுக்காரர்.

"நான் என்னங்க சின்னப் புள்ளையா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனேன்.

கடையில் நிற்க இடமில்லை. எல்லார் கண்ணும் டிவியில். முன் வரிசையில் எங்கள் பகுதிப் பத்து வீட்டுத் தலைவர் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பர்மாக்காரர். ஐயா என்கிற மாதிரி சயா என்றுதான் கூப்பிடுவோம். வார்டு ஆபீசுக்கு எந்த விஷயமும் அவர் வழியாகத்தான் போகும். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் டவுசர் போடாத வயதிலிருந்து பார்த்தவர். அவரைக் கண்டதுமே திரும்பி வந்திருக்க வேண்டும். கால் வரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்போரமாக நின்றேன்.

கடை முழுக்கப் பந்தைப் பார்த்தது. நான் கோலுக்குப் பின்னால் பார்த்தேன். மஞ்சள் சட்டைகள் வரிசையாக நின்றன, எல்லாமே முதுகு. ஒரு முதுகு மட்டும் இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டு நின்றது. குழாயடியில் பல் விளக்கும்போது இப்படித்தான் நிற்பான், ஆயிரம் தரம் திட்டியிருக்கிறேன். அவனேதான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்விட்டது, படமும் பின்னாலேயே ஓடிவிட்டது. அந்தப் பந்து நாசமாய்ப் போக என்று சபித்தேன். பந்து திரும்பி வரும், முதுகு தெரியும், மறுபடி போய்விடும். முகத்தை ஒரே ஒரு தரம் காட்டினால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். புத்தி கெட்ட வேண்டுதல்.

சின்ன டீம் ஒரு கோல் போட்டது. யாருமே எதிர்பார்க்கவில்லை. கோலுக்குப் பின்னால் இருந்த கூட்டம் மொத்தமாகக் கீழே சரிந்து வந்தது. தடித்த ஆள் ஒருத்தன் தடுப்பைத் தாண்டி நேராக என் பிள்ளை மேல் விழுந்தான். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். பிறகு அவன் எழுந்தான், தொப்பி இல்லை, தலையெல்லாம் கலைந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான். டிவி நிறைய என் பிள்ளையின் முகம்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அதையே திரும்பக் காட்டினார்கள், மெதுவாக. விழுகிறான், எழுகிறான், திரும்புகிறான். போதுமடா பாவிகளா என்று மனசுக்குள் கத்தினேன். மூன்றாம் தரம் வேறு பக்கத்திலிருந்து இன்னும் கிட்டத்தில் காட்டினார்கள், நெற்றித் தழும்பு வரைக்கும்.

சயா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்ன வந்ததோ, பொதுவாகச் சொல்கிறாற்போலப் பர்மா பாஷையில் சத்தமாகச் சொன்னேன்: "யாரோ சிலோன்காரப் பையன் போலிருக்கு. அங்கே அவங்கதான் நிறைய."

யாரும் காதில் வாங்கவில்லை. சயா மட்டும் திரும்பினார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே, அக்கா," என்றார்.

சும்மா சொன்னேன் சயா என்று ஏதோ உளறினேன். அவர் என் தட்டிலிருந்து ஒரு சமூசாவை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார். கண் மறுபடி டிவிக்குப் போய்விட்டது.

"சின்னவனக் கண்ணுலயே காணோமே. வீட்டுலதான் இருக்கானா?"

"இருக்கான் சயா."

"நல்லது," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவனை அப்புறப்படுத்திவிடு என்று மறைவாகச் சொன்னாரா, ஆள் இருக்கிற இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டாரா, தெரியவில்லை. முகத்தில் கடுமையும் இல்லை, சிரிப்பும் இல்லை. இப்போதும் தெருவில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகிறார். அன்று அந்த இடத்தில் நின்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை. தட்டை வைத்துவிட்டு, ஓடினால் தெரிந்துவிடுமே என்று சாதாரணமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முழுவதையும் கேட்டார், சட்டையை மாட்டினார். அவருடைய கிடங்கில் கூட வேலை செய்கிற ஒருவரின் தம்பிக்கு ஆற்றில் படகு உண்டு. இன்று ஆற்றுக்கு அக்கரையில் டாலா, விடிந்ததும் அங்கிருந்து உள்ளே எங்கேயாவது. அதற்கு மேல் எங்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்றார். ஊருக்கு அன்று சொன்ன பொய்யை இன்று இந்தப் பிள்ளை விஷயத்தில் நாங்களே நிஜமாக்கிக்கொண்டிருந்தோம்.

சின்னவன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவச் சொன்னோம். எழுந்து கழுவினான்.

"எப்பம்மா திரும்பி வர்றது?" என்று மட்டும் கேட்டான்.

"முதல்ல செருப்ப மாட்டு," என்று அதட்டினேன். அழுகை நன்றாக வரும் என்று சொன்னேனே, அன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லை. பின்வழியாக அவர் முன்னே போனார், அவன் பின்னே போனான். திரும்பிப் பார்த்தால் போகவிடமாட்டேன் என்று தெரிந்தோ என்னவோ, அவன் திரும்பவே இல்லை. டீக்கடையில் ஓவென்று கூச்சல் கேட்டது. பெரிய டீம் பதில் கோல் போட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் வருவதற்குள் போன் அடித்தது. பெரியவன். ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, ஸ்டேடியத்துக்குள்ளிருந்தே பேசினான். அவன் குரலுக்குப் பின்னால் யாரோ இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாம்மா? மூணு தரம் காட்டுனாங்களாமே! இங்க எல்லாரும் என்னக் கிண்டல் பண்றாங்க!"

"பாத்தேன்யா."

"தம்பி பாத்தானா? அவங்கிட்டக் குடு. என்ன சொல்றான்னு கேக்கணும்."

"தூங்குறான்."

"அதுக்குள்ளயா? எழுப்பும்மா, ஒரு நிமிஷந்தான்."

"தூங்கட்டும் விடு. நீ விழுந்தியே, எங்கயாவது அடி பட்டுச்சா?"

"எனக்கா?" என்று சிரித்தான். "நம்ம பசங்க யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லம்மா."