சாவு விழுந்த அன்று இழுத்த வலை

என் தாய்மாமன் பொய் சொல்கிறார். தினமும் சொல்கிறார், மைக் பிடித்துச் சொல்கிறார். 'சொல்கிறார்' என்று நான் எழுதுவது அவர் வயதுக்காக. மரியாதைக்காக இல்லை.

காலை ஆறு மணிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனால் நீங்களே கேட்கலாம். புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மஞ்சள் சுவர்களையும் பீச் ரோட்டையும் படம் பிடித்து முடித்ததும், மீனவர் வாழ்க்கையைப் பார்க்க அவரிடம் வருகிறார்கள். அவர் அவர்களை மணலில் நிறுத்தி, கரைவலைக் கயிற்றைக் கொஞ்சம் இழுக்கவிட்டு, கடைசியில் ஒரு கதை சொல்வார். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் பிணம் எடுக்கும் வரை யாரும் வலையைத் தொட மாட்டோம், என் அக்கா புருஷன் ஒருநாள் மீனுக்கு ஆசைப்பட்டுத் தொட்டுவிட்டார், ஊரே ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை என்பார். வந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். சிலர் இரக்கப்படுவார்கள். போன மாதம் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன்.

அந்த அக்கா புருஷன் என் அப்பா. அவர் எந்த மீனுக்கும் ஆசைப்படவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தார். படகில் ஏறினால் வாந்தி எடுப்பார், அதனால் கடல் தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால் வாய் இருந்தது. போன்ழூர், மெர்சி என்று நாலு பிரெஞ்சு வார்த்தையை வைத்துக்கொண்டு அங்கே தங்குகிறவர்களிடம் பேசிவிடுவார். அப்படிப் பேசித்தான் எட்டுப் பேருக்குக் கரைவலை இழுப்பதைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

அவர்கள் வர வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். மறுநாள் ஒரு படகும் போகாது. இது யாரும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. மாமாவுக்கும் தெரியும். தெரிந்தும் விடிவதற்குள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, வேன்ல வந்துகிட்டு இருக்காங்க. வலைய எடு."

"இன்னா வெளையாடறியா? அங்க பொணம் கெடக்குது. நாளைக்கி வரச் சொல்லுடா."

"சாயங்காலம் அவங்களுக்கு ரயிலு. நீ கடல்ல எறக்க வேணாம் மாமா. நனைச்சி மணல்ல போட்டு இழுக்கற மாதிரி காட்டுனா போதும். மீனு நானே கொண்டாந்துட்டேன்."

கையில் ஒரு கோணிப்பை. அதிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா முடியாது என்றார். அம்மாதான் குறுக்கே வந்தாள். "கடல்ல போடலன்றானே. கல்யாணத்த வெச்சிகிட்டு வேல போச்சின்னா எவன் பொண்ணு குடுப்பான்?" அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு வலையில் மீன் சேரும் மடியையும் கொஞ்சம் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

குப்பத்துக்கு வடக்கே ஆள் நடமாட்டமில்லாத மணலில், கோணிப்பை மீனை மடிக்குள் போட்டுக் கட்டி, மாமா எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். கரைவலை இழுக்க இருபது முப்பது ஆள் வேண்டும். சாவு நாளில் யார் வருவார்கள்? அப்பா, அம்மா, மாமா, நான். அதனால் பார்க்க வந்தவர்களையே இழுக்கச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மாமா ஏதோ பாட்டு பாட, அவர்கள் அதைத் திருப்பிப் பாட முயன்று சிரித்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் நின்று உயிரைக் கொடுத்து இழுத்தேன். இவ்வளவு வேடிக்கையான நாள் என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. அப்பா மட்டும் தலையைத் தூக்கவில்லை. அலை வந்து வலையை நனைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வலை கடலைத் தொட்டதா, கடல் வந்து வலையைத் தொட்டதா என்று அப்புறம் பஞ்சாயத்தில் வெகுநேரம் பேசினார்கள்.

மடியைப் பிரித்ததும் மீன் கொட்டியது. கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒரு மீனைத் தூக்கிவிட்டு, சில்லென்றிருக்கிறதே என்று கையை உதறினாள். கடல் அடியில் அப்படித்தான் குளிரும் என்று மாமா விளக்கினார். நான் மீனைக் கிளறிப் பார்த்தேன். சங்கராவுக்கும் மத்திக்கும் நடுவே மூன்று ஜிலேபி கெண்டை கிடந்தது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருப்பார்.

"மாமா, இது ஏரி மீனு!" என்று கத்தினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நல்லவேளை, வந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது.

அதோடு வேனில் ஏற்றி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஊர்ப் பக்கமிருந்து பறைச் சத்தம் பலமாகக் கேட்டது. அது என்ன என்று கேட்டார்கள். மாமா யோசிக்கவே இல்லை. உங்களை வரவேற்கத்தான் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இதை அவரே பிறகு அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். வரவேற்பென்றால் போகாமல் இருப்பார்களா? கேமராவை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்தார்கள். மாமா தடுத்துப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு ஓடினேன். வழி காட்டியது நான்தான். அந்த வெள்ளைக்கார அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சாவு வீட்டுத் தெருவில் திரும்பியபோது அவர்களில் ஒருவர் பறைக்குத் தாளம் தட்டிக்கொண்டு வந்தார். பந்தலுக்குக் கீழே படுக்க வைத்திருந்தவரைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தாள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்களைத் தடுக்க அப்பா பின்னாலேயே ஓடிவந்திருந்தார். தோளில் ஈரக் கயிறு. என் பாவாடையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இறந்தவரின் மூத்த மகன் எழுந்து வந்தார். அப்பாவோடு ஒரே படகில் போகிறவர்.

"எங்கப்பன எடுக்கற வரைக்கும் பசி தாங்கலியா மச்சான் உனக்கு? சொல்லியிருந்தா நான் சோறு போட்டிருப்பேனே."

அப்பா தோளிலிருந்த கயிற்றைக் கீழே இறக்கினார். நான் திரும்பிப் பார்த்தபோது மாமா அந்த எட்டுப் பேரையும் வேனை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அடக்கம் முடிந்தது. சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். வழக்கத்தைவிட மெதுவாக வாரினாள். "யாரு கேட்டாலும் அப்பாதான் கூப்டாருன்னு சொல்லு. மாமாவ ஊர்ல ஒதுக்கிட்டா கல்யாணம் நின்னுடும். மாமா வாங்கித் தர்றேன்னு சொன்ன பச்சைப் பாவாடை உனக்குக் கெடைக்காது." அப்பா அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கூட்டத்தில் மாமா எல்லோருக்கும் பின்னால் கை கட்டி நின்றார். கேட்டபோது, "டவுன்லேர்ந்து அவங்களக் கூட்டியாந்தேன், அவ்ளோதான். வலை எடுத்தது மாமா. அவரக் கேளுங்க" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. பஞ்சாயத்தாரில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"பாப்பா, நீ சொல்லு. வலை இழுக்கலாம்னு யாரு சொன்னது?"

பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோலச் சத்தமாகச் சொன்னேன். "அப்பா."

"புள்ள பொய் சொல்லாது" என்றார் அவர். அப்பா எழுந்து, ஆமாம், நான்தான் என்றார்.

அப்பா ஒரு வருஷம் கடலுக்குப் போகக் கூடாது, அவரோடு யாரும் பேசக் கூடாது என்று தீர்த்தார்கள். கூட்டம் கலைந்ததும் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணை யாரும் அப்படித் தூக்குவதில்லை. நான் சரியாகச் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்தேன். தெருவில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நடக்கவில்லை. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாமா கல்யாணத்துக்கு அப்பா வர முடியவில்லை. நான் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. வருஷம் முடிந்து, வா என்று ஊர் கூப்பிட்டபோதும் அவர் கடலுக்குத் திரும்பவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவருக்கு மூட்டு வலி. வீட்டிலேயே இருக்கிறார். பேரப்பிள்ளை வயதுப் பையன்கள்கூட அவரை 'சாவுல வலை இழுத்தவரு' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். மாமாவுக்கு மூன்று படகு, இரண்டு வேன்.

அம்மா சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷம் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

மாமா, இதை நீ படிப்பாய், இல்லையென்றால் யாராவது படித்துக் காட்டுவார்கள். வரும் பௌர்ணமிக்குக் கோயில் முன்னால் ஊர் கூடுகிறது. அப்பாவை நான் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார வைப்பேன். நான்தான் முதலில் எழுந்திருப்பேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். எனக்கு அடுத்து நீ எழுந்திரு. அன்று விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று வலையை எடு என்று சொன்னது யார்? என் அப்பா காதில் விழும்படி பதில் சொல்.