கடலூர்க் காற்று

இன்று தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் பேருந்தில் பக்கத்தில் இருந்த அக்கா போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கடலூர் என்று இருந்தது.

"அக்கா, ஊர் தப்பா இருக்குதுங்க" என்று நானே போனை வாங்கி, தருமபுரிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

பதறிவிட்டார். "ஐயோ, எம்பொண்ணு வச்சுக் குடுத்ததுங்க. கடலூர்ல கட்டிக்குடுத்தோம். அவளுக்கு வீசிங். அங்க காத்து நல்லாருக்குதான்னு தெனமும் பாப்பேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன வருசம் போகிப் புகை தாங்கலைங்க. எங்கள விட்டுப் போயிட்டா."

அவசரமாகக் கடலூரைத் திரும்ப வைத்தேன். காற்று நன்றாக இருப்பதாகப் பச்சை நிறம் காட்டியது.

"இன்னைக்குப் பச்சைங்க" என்று நிம்மதியாகச் சொல்லி, போனை மடியில் வைத்துக்கொண்டார்.

கேட்காமலே உதவி செய்யும் வியாதிக்கு உங்களில் யாரிடமாவது மருந்து இருந்தால் சொல்லுங்கள்.