தனியாக ஊற்றிய கூழ்

புளித்த கேழ்வரகு கொதிக்கிற வாசனை. தவளக்குப்பம் தாண்டி, கடலூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதுமே மூக்கில் ஏறிவிட்டது. ஆடி ஞாயிறு அல்லவா? ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டேன். டவுசர் போட்ட வயதில், டவுனில் எங்கள் உப்பளம் ஏரியாவில் தூக்குவாளியோடு வாசல் வாசலாக ஓடியது... முழங்கை வரை வழிந்த கூழ்... ஒரு வாசனைக்குள் எத்தனை தெருக்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன!

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் போனது கூழ் குடிக்க அல்ல. கலா அக்காவின் மனதை மாற்ற முடியுமா என்று பார்க்க.

கலா அக்கா உப்பளத்தில் எங்கள் பக்கத்து வீடு. நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயுசு முழுக்க ஊசி போட்ட கை. மாமா – அவருடைய கணவர் – ஓர் ஆபீஸில் ஃபைல்களுக்கு நடுவே தலை நரைத்தவர். தெருவில் பாதி வீடுகள் கெஸ்ட் ஹவுஸ் ஆனதும் அக்காவுக்கு வெறுத்துப்போனது. "வாராவாரம் புது மூஞ்சிடா தம்பி. யாருகிட்டன்னு பேசறது?" என்றார். போன வருஷம் சித்திரையில் இந்தச் சின்ன ஊரில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பதினைந்து மாதம். பத்து நாள் முன்னால் போன்.

"திரும்பி வந்துடறோம்டா. இந்த வீட்டுக்கு ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார். திங்கட்கிழமை பேசி முடிக்க வர்றேன்னுட்டார்."

"ஏன்க்கா? யாராவது சண்டை போட்டாங்களா?"

"சண்டையா? போட்டாத்தான் தேவலையே! எல்லாரும் மரியாதை குடுக்கறாங்கடா!"

சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் சேர் வரும். சேலை முந்தானையால் துடைத்துப் போடுவார்கள். "உக்காருங்கம்மா." அதுவரை கலகலவென்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு, சேரின் நாலு காலுக்கடியில் நசுங்கிச் செத்துவிடும். அக்கா எழுந்து வாசல் தாண்டியதும் மறுபடி உயிர் பெறும். முதல் சில மாதம் அப்படி இல்லையாம். நன்றாகத்தான் பழகினார்களாம். போன ஆடிக்கு அப்புறம்தான்.

ஆடியில் என்ன நடந்தது? அதுதான் அக்காவுக்கே தெரியவில்லை.

நான் போனபோது மாமா வாசலில் மேஜை போட்டுக்கொண்டிருந்தார். மேஜை மேல் பேப்பர் கப்புகள், படைவீரர்கள் மாதிரி வரிசையாக. பக்கத்தில் ஒரு பாக்கெட் கையுறை. கம்ப்யூட்டரில் அடித்து கேட்டில் ஒட்டியிருந்தார்: 'கூழ் வழங்கப்படும். அனைவரும் வருக.'

"போன வருஷமும் இப்படித்தான். வந்தாங்க, வாங்கிக்கிட்டாங்க, போயிட்டாங்க," என்றார் மாமா. "போறதுக்கு முன்னாடி ஒருதடவை பண்ணிட்டுப் போயிடலாம்னு உங்க அக்கா..."

அந்த நேரம் எதிர்வீட்டு அஞ்சலை கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு பானையோடு. எல்லாரும் வாசல்படியில் நின்ற அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார்கள்.

எனக்கு எதையும் அடக்கிக்கொள்ளத் தெரியாது. "ஏங்க, பானையெல்லாம் எங்க போவுது?" என்றேன்.

"கோயிலுக்குத்தான். எல்லா வூட்டுக் கூழையும் ஒரே அண்டாவுல ஊத்தி, கலந்து, அப்புறந்தான் குடிக்கிறது."

"இவங்க வீட்டுக் கூழை மட்டும் சேத்துக்க மாட்டீங்களா?"

அஞ்சலை நின்றார். பானையை இடுப்பு மாற்றினார். "நல்லா இருக்குதே கத! நாங்களா வோணான்னோம்? அவங்கதான் போன வருசம் கைக்கு உறை மாட்டிக்கினு, தனியா மேச போட்டு ஊத்துனாங்க. நம்ம கூழோட கலக்க அருவருப்பு போலக்குது, நர்சம்மா சுத்தம் பாக்குறவங்கன்னு நாங்க ஒதுங்கிக்கினோம்."

அக்கா படியிறங்கி ஓடி வந்தார்.

"அய்யோ, எங்க தெருவுல அவங்கவங்க வாசல்லதான்டி ஊத்துவோம்! எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"படிச்சவங்களாண்ட போயி நாங்க இன்னான்னு சொல்றது?"

ஒரு வருஷம்! ஒரு வார்த்தை கேட்க இவருக்குக் கூச்சம், ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்குக் கூச்சம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் சேர்.

அக்கா உள்ளே போனார். பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கையுறை..." என்று ஆரம்பித்த மாமாவைப் பார்த்த பார்வையில் மாமா பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.

கோயில் வாசலில், வேப்பமரத்து நிழலில் அண்டா. அக்கா பானையைச் சாய்க்கப் போகும்போது அஞ்சலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இன்னா நர்சம்மா... உப்பே காணோம்? பி.பி. பேஷண்டுக்கா காய்ச்சினே?"

மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தார் – கண் நிறைய. கூழ் அண்டாவுக்குள் இறங்கியது. துடுப்பு இரண்டு சுற்று சுற்றியது... அவ்வளவுதான். இனி எது யார் வீட்டுக் கூழ் என்று அந்த மாரியம்மனாலேயே சொல்ல முடியாது.

"நர்சம்மா, சும்மா நிக்காத. அந்த வெங்காயத்த உரி," என்றது ஒரு குரல். அக்கா மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாரும் சேர் கொண்டுவரவில்லை. "இவ்ளோ தோலாவா உரிப்பாங்க?" என்று அடுத்த திட்டு விழுந்தது.

ஓர் ஊர் உங்களை ஏற்றுக்கொண்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரேஷன் கார்டைப் பார்க்காதீர்கள். யாராவது உங்களைத் திட்டுகிறார்களா என்று பாருங்கள்.

வயிறு முட்டக் குடித்தேன். சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. மாமா சற்றுத் தள்ளிப் போய், யாருக்கோ போன் போட்டு, "மன்னிச்சுக்குங்க சார், வீட்டைக் குடுக்கறதா இல்ல... ஆமா, முடிவாத்தான்" என்று சொன்னது கேட்டது.

வெயில் தாழ நான் ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா தெருமுனை வரை வந்தார். கையில் வெங்காய வாசனை, கன்னத்தில் காய்ந்த கூழ். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பாத்துப் போடா தம்பி. எங்க ஊர் ரோடு உனக்குப் பழக்கமில்ல."