பழைய சிலிப்பர் கட்டைகள் இரண்டு

துறைமுகத்துப் பக்கம் ஒரு குட்டி ரயில் பாதை இருந்தது. சரக்குப் பெட்டிகள் மட்டும் போகும், அதுவும் நடக்கிற வேகத்தில். அதைத் திருத்த அரசாங்கம் காசு கொடுத்தது. படிப்பைப் பாதியில் விட்டிருந்தாலும் இங்கத்தைய பாஷையான பிரெஞ்சை நான் கதைப்பேன் என்பதால் அந்த வேலைக்கு எடுத்தார்கள். கூட வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். அவருக்கு வணக்கத்துக்கு 'போன்ஜூர்', நன்றிக்கு 'மெர்சி' இரண்டும்தான் தெரியும். இரண்டையும் சேர்த்தே சொல்லுவார்.

மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து இங்கே கூப்பிட அவருக்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டும் என்று கேஸ் பார்க்கிற லோயர் சொல்லியிருந்தார். பனிக்கு முன் வேலை முடிந்ததும் தருவதாக சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் சூப்பர்வைசர் விதிகளைச் சொன்னார். அண்ணைக்குத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அரசாங்கக் காசு என்றபடியால், தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழற்றுகிற பழைய சிலிப்பர் கட்டைகளையும் எண்ணித்தான் ஒப்படைக்க வேண்டும், ஒன்றும் வெளியே போகக் கூடாது என்றார். நான் அண்ணையிடம், "பழைய கட்டையை விரும்பினா ஆரும் கொண்டு போகலாமாம்" என்றேன். சும்மா பகிடிக்கு.

அவர் துளியும் சந்தேகப்படவில்லை. ஊரில் சண்டையில் ரயில் நின்ற பிறகு சனம் எல்லாம் கட்டைகளைக் கழற்றித்தான் பங்கருக்குக் கூரை போட்டதாம். உக்காதது எது என்று கோடை முழுக்க ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார். நான் அவரைப் 'பங்கர் அண்ணை' என்று கூப்பிட்டேன். அவரும் சிரித்தார்.

கடைசிக் கிழமை இரண்டைத் தெரிந்தெடுத்தார். ஒரு வான் வண்டியில் ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன். லாசாலில் அவர் வாடகைக்கு இருந்த இடத்தில் வீட்டுக்காரன் கொடுத்த துண்டு நிலத்தில், மகள் வந்ததும் மிளகாய் வைக்க அந்தக் கட்டைகளால் வரம்பு கட்டப் போகிறாராம்.

பிறகு அரசாங்கத்திலிருந்து ஒருவர் எண்ண வந்தார். இரண்டு குறைந்தது. யார் எடுத்தது என்று சூப்பர்வைசர் கேட்டதை நான் தமிழில் சொன்னதும் அண்ணை கையை உயர்த்தினார். ஏன் எடுத்தாய் என்று அடுத்த கேள்வி.

"நீர்தானே தம்பி சொன்னனீர். அதைச் சொல்லும்" என்றார் அண்ணை.

நான் சூப்பர்வைசரிடம், தங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் எடுப்பார்கள் என்கிறார் என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவருடைய தொப்பியையும் மஞ்சள் சட்டையையும் அங்கேயே கழற்றி வாங்கினார்கள். அண்ணைக்குக் கோபம் வரவில்லை. "கடிதத்தை மட்டும் தரச் சொல்லிக் கேளும்" என்றார். அதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன். சூப்பர்வைசர் அலுவலகத்துக்குள் போய் ஒரு தாளோடு வந்தார். வேலை செய்த மாதங்கள் இருந்தன. கீழே, களவுக்காக நிறுத்தப்பட்டார் என்று ஒரு வரியும் இருந்தது.

அண்ணை தாளை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"நல்லாய் எழுதியிருக்கிறாரோ?"

"ஓம் அண்ணை."

கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, தாளைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். சூப்பர்வைசரைப் பார்த்து, "போன்ஜூர் மெர்சி" என்றார். லோயர் ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார் என்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.