கொக்கி ஊசிக்காரன் மாப்பிள்ளை ஆகப் போன கதை

என் சித்தப்பா மகன் ஜெகதீஸ்வரனுக்கு முப்பத்தாறு வயது. வெண்ணந்தூருக்குத் தெற்கே நாலு ஏக்கர் மரவள்ளி, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்குக் காடு, எனக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு கிணறு, சொந்தமாக ஒரு மாடி வீடு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. இத்தனை இருந்தும் அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஊருக்குப் பத்துப் பேர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, ஜாதகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். பெண் பிள்ளை வேண்டாம் என்று ஒரு காலத்தில் ஊரே சேர்ந்து முடிவு செய்தது. இப்போது பெண் எங்கே என்று ஊரே சேர்ந்து தேடுகிறது.

ஆனால் ஜெகதீஸ்வரனுக்கு மற்றவர்களுக்கு இல்லாத குறை ஒன்று கூடுதலாக இருந்தது. அவன் குரோஷா பின்னுவான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போடப் போய் எட்டு வருஷம் சத்தீஸ்கரில் கிடந்தவன் அவன். ஒரு முறை கம்ப்ரஸர் கெட்டு, சாமான் வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. மற்றவர்கள் பத்தொன்பது நாளும் குடித்தார்கள். இவன் டீக்கடைக்கார அம்மாளின் கையிலிருந்த கொக்கி ஊசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு இந்தி அரைகுறை. பின்னல் மட்டும் சுத்தமாக வந்துவிட்டது. கடைசியாக வண்டியை விட்டு இறங்கி ஊருக்கு வந்தபோது கூட வந்தவர்கள் டிவியும் போனும் கொண்டுவந்தார்கள். இவன் ஒரு மூட்டை உல்லன் நூலோடு வந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் அம்மணமாக இருந்ததில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, இன்வெர்ட்டருக்குச் சட்டை, டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் கேனுக்குக் குல்லா. மோட்டார் ரூமில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக்கூட மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு உறை வைத்திருந்தான். கன்றுக்குட்டி மண் தின்னாமலிருக்க எல்லோரும் கயிற்றில் வாய்க்கூடை கட்டுவார்கள். அவன் வீட்டுக் கன்றுக்குட்டி ரோஜா நிறத்தில், ஓரத்தில் பூ வைத்த வாய்க்கூடை போட்டுக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

வேலையைக் கெடுத்துக்கொண்டு பின்னினான் என்று சொல்ல மாட்டேன். அவனுடைய பின்னல் எல்லாம் வேலைக்கு நடுவில்தான். மும்முனைக் கரண்ட்டுக்காகக் காத்திருக்கும்போது பின்னுவான். கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில் வாசலில் வரிசையில் நிற்கும்போது, ஸ்டீயரிங்கில் நூலை மாட்டிக்கொண்டு பின்னுவான். காட்டுக்குத் தண்ணீர் கட்டும்போது கடிகாரம் பார்ப்பதில்லை. நாலு வரிசை பின்னினால் ஒரு பாத்தி நிறைந்தது என்று கணக்கு. வாய்க்காலைத் திருப்பி விட்டுவிட்டு அடுத்த நாலு வரிசை. கணக்கு சரியாகத்தான் இருக்கும், சாதாரண வரிசையாக இருந்தால். ஒரு நாள், சுவரில் மாட்டப் பின்னிய மயிலின் கழுத்துக்குக் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தவன் தண்ணீரை மறந்துவிட்டான். அவன் பாத்தி நிறைந்து, வரப்பு உடைந்து, என் மஞ்சள் காட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் போய்க் கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்து, இன்னும் ஆறு கண்ணிதான் இருக்கிறது அண்ணா, என்றான். இன்றைக்கும் எனக்கு அந்த மயிலைக் கண்டால் ஆகாது.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெண்ணந்தூரில் பாதிப் பேர் தறியில் உட்கார்ந்தவர்கள், அல்லது உட்கார்ந்தவரின் பிள்ளைகள். மீசை வைத்த ஆண் நாள் முழுக்க நூலும் தறி நாடாவுமாக உட்கார்ந்தால் அதற்குத் தொழில் என்று பெயர். அதே மீசைக்காரன் ஒரு சின்னக் கொக்கி ஊசியைக் கையில் எடுத்தால் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இந்த நியாயத்தை எங்கே போய்ப் படித்தார்களோ தெரியவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

அவனும் இதற்கெல்லாம் வளைந்து கொடுத்தான் என்பதுதான் எனக்கு எரிச்சல். நூல் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போவான். வீட்டம்மாவுக்கா என்று கடைக்காரர் கேட்பார், ஆமாம் என்பான். கல்யாணமே ஆகாதவன், இல்லாத மனைவிக்கு ஆறு வருஷம் நூல் வாங்கினான்.

அவன் அம்மா ராமாயி, எனக்குச் சின்னம்மா முறை. சித்தப்பா போன பிறகு குடும்பத்தையும் காட்டையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவர். இருபத்திரண்டு ஜாதகம் தட்டிப் போனதற்கும் அந்த உல்லன் நூல்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒரு நாள் என்னிடம் சொல்லியே விட்டார்.

"குடிகாரனா இருந்தாக்கூட, கட்டி வெச்சாத் திருந்தீருவான்னு சொல்லிக்கலாம் சாமி. இதுக்கு என்னன்னு சொல்றது?"

இருபத்து மூன்றாவது ஜாதகம் எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்தது. பெண் பெயர் சத்யபிரியா. சேலத்தில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை. தரகர் தங்கசாமி கொண்டுவந்த இடம். பொருத்தம் எட்டு. பெண்ணின் அப்பா போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், பெண்ணும் கூட வருகிறாள் என்று தகவல். இதுவும் கையை விட்டுப் போனால் இனி ஜாதகம் எடுக்கப் போவதில்லை என்று தங்கசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே சின்னம்மா வேலையை ஆரம்பித்தார். சிலிண்டரின் பாவாடையை உருவினார், இன்வெர்ட்டரின் சட்டையைக் கழற்றினார், கன்றுக்குட்டியின் வாயிலிருந்ததைக்கூட விடவில்லை. எல்லாம் இரண்டு கிழங்குச் சாக்கு நிறைய வந்தது. சாக்கின் வாயை ஜெகதீஸ்வரனே கட்டி, அவனே தோளில் தூக்கிவந்து என் வீட்டு மாட்டுக் கொட்டகையில் போட்டான். தவிட்டு மூட்டைப் பக்கம் வேண்டாம், எலி கடிக்கும் என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. உறைகளை எடுத்த பிறகு பார்த்தால் வீடு பார்க்கச் சகிக்கவில்லை. பிரிட்ஜ் கதவு முழுக்கத் துரு. சோபா நடுவில் கிழிந்து பஞ்சு வெளியே நின்றது. மயில் தொங்கிய சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம். ஆறு வருஷமாக அந்த வீட்டின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது எது என்று சின்னம்மாவுக்கு அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஒரு சாக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். சோபா விரிப்பும் பிரிட்ஜ் உறையும் மயிலும் மறுபடி ஏறின.

இனி, யார் பின்னியது என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது. சின்னம்மாவுக்கு விரல் வாதம். கடைசியில் என் மனைவி தனப்பிரியாவின் பெயரைச் சொல்வதென்று முடிவு செய்தார்கள். தனப்பிரியா வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். கொக்கி ஊசியைக் கையால் தொட்டதில்லை. ஒரு கல்யாணம் நடக்கட்டும் என்று நானும் தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஆண்கள் வழக்கம்போல நேராகக் காட்டுக்குப் போனார்கள். தென்னையை எண்ணினார்கள், கிணற்றில் கல்லைப் போட்டுப் பார்த்தார்கள், போர் எத்தனை அடி என்று கேட்டு முகத்தைச் சுளித்தார்கள். மாப்பிள்ளையை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சத்யபிரியா காட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் வந்தவள் மயிலின் முன்னால் நின்றவள்தான், காபி ஆறும்வரை நகரவில்லை.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, இதெல்லாம் யார் செய்தது என்று அவள் கேட்டாள். சின்னம்மா தயாராக இருந்தார். பங்காளி வீட்டு மருமகள் என்று என் மனைவியைக் கைகாட்டினார். சத்யபிரியாவின் முகம் மலர்ந்துவிட்டது. தானும் பின்னுவதாகவும், எடப்பாடியிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் தினமும் போக வர அதுதான் வேலை என்றும், இந்தக் கழுத்து வளைவு மட்டும் தனக்கு வரவே இல்லை என்றும் சொல்லிவிட்டு, எந்த நம்பர் ஊசியில் பின்னியது என்று கேட்டாள்.

தனப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பதினாறுங்க," என்றாள். எங்கள் வீட்டுத் தையல் மிஷினில் போடுகிற ஊசியின் நம்பர் அது.

ஜெகதீஸ்வரன் வாயைத் திறந்தான். சின்னம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். சத்யபிரியா அதற்கு மேல் தனப்பிரியாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்வை சோபாவுக்குப் போயிருந்தது. அவளுடைய அப்பாவின் கைக்கடிகாரம் மாட்டி விரிப்பில் ஒரு கண்ணி இழுபட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெகதீஸ்வரன், தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், இழுபட்ட நூலை விரல் நுனியால் நீவி, பக்கத்துக் கண்ணிகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிட்டு, ஓட்டை இருந்த இடம் தெரியாமல் செய்துகொண்டிருந்தான். அவள் அதை முழுக்கப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு நேராக அவனையே கேட்டாள்.

"நீங்க பின்னுவீங்களா?"

அந்த ஒரு நிமிஷத்தில் அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் அவன் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான், பெண்ணின் அப்பாவைப் பார்த்தான். விரிப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சேச்சே, ஆம்பளைக்கு அதெல்லாம் எதுக்குங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பெண்ணின் அப்பா பெரிதாகச் சிரித்தார். சின்னம்மாவுக்கு மூச்சு வந்தது. நான் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். சரியான பதில் சொல்லிவிட்டான் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது தட்டிய அந்தக் கையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சத்யபிரியா சரிங்க என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.

அடுத்த நாலு நாளும் சின்னம்மா கால் தரையில் படவில்லை. மண்டபம் எது, சமையல்காரர் யார் என்பது வரை போய்விட்டார். கல்யாணம் முடியும்வரை ஊசியைத் தொடக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கினார். அவனும் செய்து கொடுத்தான். மோட்டார் ரூம் வாசலில் வெறுங்கையோடு உட்கார்ந்து தண்ணீர் பாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன யோசனை என்று கேட்டேன். அந்தப் பெண் மயிலின் கழுத்தைப் பற்றிக் கேட்டாளே, அதற்கு ஊசி நம்பர் முக்கியமில்லை, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கண்ணியைக் குறைக்க வேண்டும், கல்யாணம் ஆனதும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், நாங்கள் எல்லோரும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கசாமி கூப்பிட்டார். நல்ல சேதியை எல்லோரும் கேட்கட்டும் என்று சின்னம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றார் தங்கசாமி.

சின்னம்மா உல்லன் நூலைச் சபிக்க ஆரம்பித்தார். எவனோ பார்த்துச் சொல்லிவிட்டான், பின்னுகிற விஷயம் தெரிந்துதான் வேண்டாம் என்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜெகதீஸ்வரன் சாப்பாட்டை விட்டு எழுந்து, இடது கையால் போனை எடுத்தான்.

"அண்ணா, அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க. அதெல்லாம் நான் பின்னுனதுங்க. ஒண்ணு விடாம அத்தனையும் நான்தான்."

அவன் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது அந்தப் புள்ளைக்கு அன்னைக்கே தெரியுமுங்க தம்பி," என்றார் தங்கசாமி. "தெரிஞ்சுதான் ஆசையா உங்களைக் கேட்டுச்சாம். தன்ற கைவேலையவே தெரியாதுன்னு சொல்றவரு, நாளைக்கு நாலு பேரு முன்னால என்னைய என்னன்னு சொல்லுவாருங்குது. அதுக்கு நான் என்னத்தைங்க சொல்றது?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். தங்கசாமி நிஜமாகவே பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று ஜெகதீஸ்வரன் நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"நாயமான கேள்விதானுங்க," என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான்.