கண்ணாடியின் உள்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகளும் மருமகனும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து காரை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஓட்டுவதில்லை, வண்டி நின்றே வீணாகிறது என்பது மகளின் வாதம். ஆறு மணிக்கே வாளியும் துணியுமாக வாசலுக்கு வந்துவிட்டேன். அழுக்கு வண்டியை ஒருவரிடம் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு அது மட்டும் காரணமும் இல்லை. என் மனைவி போய் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் வண்டியைக் கவர் போட்டு மூடியே வைத்திருந்தேன். அவள் இந்த வீட்டிலிருந்து கடைசியாகக் கிளம்பிப் போனது அதில்தான். கைமாறுவதற்குள் அவள் இருந்த அடையாளம் ஏதாவது அதில் கிடைக்காதா என்று இருந்தது. ஒரு ஹேர்பின், ஒரு மாத்திரை அட்டை, எதுவானாலும் சரி.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிரீஸிலும் கரியிலும் காலம் தள்ளியவன் நான். நக இடுக்கில் கறுப்பு இல்லாமல் ஒரு வேளை சோறு தின்றதில்லை. ரிட்டயர் ஆனதும் ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். அத்தனை வருஷத்து அழுக்குக்கும் அந்தக் காரில்தான் பழி தீர்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். உள்ளே எதையும் தின்னக் கூடாது. ஷோரூமில் சீட்டுக்குப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது. சித்திரை வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பெருமாள் சன்னதியில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று மனைவி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் போர் தண்ணீர் உப்பு. அப்படியே காயவிட்டால் வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். அதனால் கடைசியாக ஊற்ற, குழாயில் காவிரித் தண்ணீர் வரும்போதே இரண்டு குடம் பிடித்து வைத்திருப்பாள். கண்ணாடி மட்டும் இரண்டு பேர் வேலை. வெளிப்பக்கம் எனக்கு, உள்பக்கம் அவளுக்கு. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பழைய பேப்பரால் தேய்ப்பாள். நான் வெளியே நின்று விரலால் இடம் காட்டுவேன். கறை எந்தப் பக்கம் என்பதில்தான் எப்போதும் சண்டை. உங்கள் பக்கம் என்பாள், உன் பக்கம் என்பேன். கடைசியில் அவள்தான் தேய்ப்பாள். "போயிடுச்சாங்க?" என்று உதடு அசையும், குரல் வெளியே வராது. இல்லை என்று தலையாட்டுவேன். போயிருந்தாலும் ஒரு தடவையாவது இல்லை என்று ஆட்டுவேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. அவளுக்கு மூச்சு வாங்கியதை வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் காரை வெளியே எடுத்தேன். வாசலில் நின்று அவள் செருப்பைக் கழற்றினாள். அந்த நிலைமையிலும் கழற்றினாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மதுரை ரோட்டில் ஏறியதும் தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

"தலையைக் கொஞ்சம் எடுத்துக்கோ. கண்ணாடில எண்ணெய் ஒட்டுது."

பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முடியாமல் மறுபடி சாய்ந்தாள். அப்புறம் நான் எதுவும் சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஆறுதலாக இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள். வாசலில் செருப்பு கழற்றிய இடத்திலேயே கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காருக்குள் கிடந்த மிதியடிகளை எடுத்து உதறினேன். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியில் இன்ஷூரன்ஸ் காகிதமும் துடைக்கிற துணியும் தவிர ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் பார்த்தேன். அடியில் சீட்டு, வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. அதில் யாரும் உட்கார்ந்ததாகவே தெரியவில்லை. இதுக்குத்தானேடா ஆசைப்பட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

எழுந்து நுரை போட்டுக் கழுவி, நானே பிடித்து வைத்திருந்த ஒரு குடத்தையும் ஊற்றித் துடைத்தேன். முன்பக்கத்து இடது கண்ணாடியில் மட்டும் ஒரு மங்கல் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன், அப்போதும் போகவில்லை. "உன் பக்கம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்த் தடம். முடி படிந்த கோடுகூட இழை இழையாகத் தெரிந்தது. உள்பக்கத்தைத் துடைக்காமல் கதவை மெல்லச் சாத்தினேன். அந்த வண்டியில் நான் விட்டுவைத்த முதல் கறை அது. மகளிடம் அன்றைக்கே சொல்ல மனம் வரவில்லை. இப்போதுதான் அவள் அழாமல் இந்த வீட்டுக்குள் வருகிறாள். சாயங்காலம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வந்தார்கள். மகள் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, புது வண்டி தோற்றுவிடும் என்றாள். மருமகன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஏறினாள். கதவைச் சாத்தியதும் அவள் கண் நேராக அங்கேதான் போனது. நான் வளர்த்த பெண், வேறெங்கே போகும்? துப்பட்டா நுனியைச் சுருட்டி, கண்ணாடியில் வாயால் ஊதினாள். நான் பதறிப்போய் வெளியிலிருந்து அந்த இடத்தில் கையை வைத்தேன். இடம் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். என் உள்ளங்கைக்கு நேராக உள்ளேயிருந்து நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.

கையை எடுத்தேன். அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. "போயிடுச்சாப்பா?" என்று உதடு அசைந்தது.

"போயிடுச்சும்மா" என்றேன்.