கதவைத் திறக்காத சேவியர்

சேவியர் இறந்த செய்தி பத்மநாபன் மூலமாகத்தான் எனக்கு வரவேண்டுமா? அலுவலக வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, ‘நம் வீரனை இழந்தோம்’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிட்டிருந்தீர்கள். வீரன் என்ற அந்தச் சொல் சில வருடங்களுக்கு முன்னால் சேவியருக்குத் தேவைப்பட்டது. அப்போது உங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெருங்குடியில் நாங்கள் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் இருந்தோம். முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லும் வேலையைச் சோதித்துப் பார்ப்பது சேவியரின் பணி. கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளும் நேரத்தில், “ஒரே ஒரு டவுட்டு சார்” என்று ஆரம்பிப்பார். “சேவியர், எல்லாத்துலயும் ஓட்டை தேடாதய்யா, பசிக்குது” என்பார் எங்கள் மேலாளர் பத்மநாபன். எல்லோரும் சிரிப்போம். சேவியருக்குக் கோபமே வராது. “நல்லா ஓடுறதைப் பாக்க நான் எதுக்கு சார்? நின்னுபோனா இன்னா ஆவும்னு பாக்கறதுதான் என் வேலை” என்பார்.

வடக்கே ஒரு நகரத்தில் வேலை முடித்துவிட்டு மூவரும் சென்னைக்குத் திரும்பிய விமானத்தில், இறக்கைக்கு மேலே இருக்கும் அவசர வழிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம். சேவியர் வலது ஜன்னலோரம், நான் நடுவில், பத்மநாபன் எங்களுக்குப் பின்வரிசையில். ஆபத்து வந்தால் இந்தக் கதவை நீங்கள்தான் திறக்கவேண்டும், சம்மதமா என்று விமானப் பணிப்பெண் வந்து கேட்டாள். கால் நீட்ட இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் தலையாட்டினேன். சேவியர் ஆட்டவில்லை.

“ஒரே ஒரு டவுட்டும்மா. வெளியே நெருப்பு எரிஞ்சா?”

“முதல்ல ஜன்னல் வழியா பாருங்க சார். நெருப்பு இருந்தா திறக்கவே கூடாது. அந்தப் பக்கக் கதவுக்கு அனுப்பிடுங்க.”

“யாராவது வந்து தொறக்கப் பார்த்தா?”

“விடாதீங்க சார்.”

நான் சத்தமாகவே பெருமூச்சு விட்டேன்.

விமானம் மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வலப்பக்க இயந்திரம் வெடித்தது. விமானம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. குனிந்து தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தரையில் மோதி, இழுத்துக்கொண்டு போய், நின்றது. கதவுகளைத் திறக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. சேவியர் கைப்பிடியில் கை வைத்து, ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இறக்கை தெரியவில்லை. கண்ணாடி முழுக்க ஆரஞ்சு நிறம் அசைந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பி நின்று முதுகைக் கதவில் சாத்திக்கொண்டார். உயரமான மனிதர், கழுத்தை மடக்கித்தான் நிற்க முடிந்தது. “இங்க நெருப்பு! அந்தப் பக்கம் போங்க!” என்று கத்தினார். நானும் கத்தினேன். கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. பின்னாலிருந்து வந்தவர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். முகத்தில் குத்தினார்கள். முதல் குத்து பத்மநாபனுடையது. மூக்குக்கண்ணாடி உடைந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு முதியவர் சேவியரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கினார். சேவியர் கையை ஓங்கவில்லை, நகரவும் இல்லை. எதிர்ப்பக்கம் கதவு திறந்து கூட்டம் அங்கே திரும்பிய பிறகுதான் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த முதியவர் கூட்டத்தின் காலடியில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. இறந்தது அவர் ஒருவர்தான்.

யாரோ ஒருவர் அதைக் கைபேசியில் படம் எடுத்திருந்தார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அழுகிறவர்களுக்கு எதிரே ஒரு தடியன் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறான். நெருப்பு அதில் இல்லை. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. “அப்பவே தொறந்திருந்தா அந்தப் பெரியவர் பிழைச்சிருப்பார்” என்று பத்மநாபன் தொலைக்காட்சியில் சொன்னார். சேவியர் செய்ததே சரி என்று பிறகு விசாரணை அறிக்கை சொன்னது. அதை யார் படித்தீர்கள்? “சேவியர் கூட ஏறாத மச்சி, கதவு தொறக்காது” என்று லிஃப்டில் அவர் காதுபடவே சொன்னவர்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். இப்போது அவர் சாவுக்குக் கும்பிட்டவர்களில் அவர்களும் உண்டு.

முதியவரின் மகன் சேகர் சைதாப்பேட்டையிலிருந்து சாந்தோமில் இருக்கும் சேவியர் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். உட்கார மறுத்துவிட்டான். “எங்க நைனாவோட கடைசி போட்டோ இன்னா தெரியுமா சார்? உன் சட்டையைப் புட்சிக்கினு கீறாரு. ஏன் சார் தொறக்கல?”

“வெளியே நெருப்பு தம்பி” என்றார் சேவியர்.

“வீடியோவுல ஒண்ணியும் காணோமே.”

நானும் பார்த்தேன் என்று குறுக்கே சொன்னேன். “நீ அவரோட தோஸ்த்து. அப்பிடித்தான் சொல்லுவ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சாட்சி இருந்தது. கொதித்த ஜன்னல், சேவியரின் முதுகில் தன் வடிவத்தைப் பொசுக்கி வைத்திருந்தது. அதைக் காட்டித் தொலையுங்கள் என்று அன்று அவரிடம் சண்டை போட்டேன். “அப்பனைப் பறிகொடுத்தவன்கிட்ட சட்டையைக் கழட்டி என் காயத்தைக் காட்டவா?” என்றார். கொஞ்சம் நகர்ந்து நின்று நெருப்பைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். “நகர்ந்திருந்தா நெருப்பு தெரிஞ்சிருக்கும். கதவும் தொறந்திருக்கும்.” அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அன்றைய புகையில் நுரையீரல் கெட்டு, படி ஏற முடியாமல் போய், சென்ற வாரம் இறந்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. சேகர் வாசலில் வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. சேவியரின் மனைவி ரீட்டாதான் எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

“இருக்கிற வரைக்கும் காட்ட விடல தம்பி. முதுகுல அந்த ஜன்னல் சுட்ட தழும்பு அப்படியே இருக்கு. திருப்பச் சொல்றேன், பாக்கறியா?”

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுடச்சுட நின்னுக்கினு இருந்தாராம்மா?”

“கேட்டா, ‘அப்போ தெரியலடி’ன்னாரு.”

“வேணாம்மா. திருப்ப வேணாம்” என்றான்.

பெட்டியைத் தூக்கும்போது நான் பிடித்திருந்த முன்மூலைக்குப் பத்மநாபன் வந்தார். “நகருப்பா, நான் தோள் குடுக்கறேன்” என்றார். நான் நகரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற சேகரைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கொடுத்தேன். கல்லறை வரைக்கும் அவன் தோள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

இன்றும் நான் அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையையே கேட்டு வாங்குகிறேன். பணிப்பெண் வந்து சம்மதமா என்று கேட்கும்போது, “வெளியே நெருப்பு எரிந்தால்?” என்கிறேன். பக்கத்தில் இருப்பவர், அன்று நான் விட்ட அதே பெருமூச்சை விடுகிறார். அவள் முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் தலையாட்டுகிறேன்.